பட்டறையை யாரிடம் ஒப்படைப்பது: பிள்ளைகள், வெளியார், தொழிலாளர்

ஓசூரில் சிப்காட் வளர்ந்த காலத்தில் பெரிய ஆலைகளில் டர்னராகவோ டூல் ரூம் சூப்பர்வைசராகவோ சேர்ந்து, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வேலையை விட்டுவிட்டு, ஒரு பழைய லேத்தை வாங்கிப் போட்டுத் தனியாகத் தொழில் தொடங்கியவர்கள் ஒரு தலைமுறையாகவே உண்டு. இன்று அவர்களுக்கு அறுபத்தைந்து, எழுபது வயது. கூடத்தில் கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரங்கள் ஓடுகின்றன, முப்பது நாற்பது பேர் வேலை செய்கிறார்கள், மாதாமாதம் ஆர்டர் வருகிறது; ஆனால் மகன் பெங்களூரில் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறான், மகள் வெளிநாட்டில் குடியேறிவிட்டாள், அடுத்து யார் என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. கிருஷ்ணகிரியின் மாங்கூழ் ஆலைகளிலும் கிரானைட் பாலிஷ் கூடங்களிலும், தருமபுரிப் பக்கத்துப் புளி, பட்டு நூல், அரிசி ஆலைத் தொழில்களிலும் இதே நிலைதான். இந்த உரிமையாளர்களுக்கு முன்னால் இருக்கும் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அவற்றுள் நம் பக்கத்தில் அதிகம் பேசப்படாத வழி, தொழிலை அதில் வேலை செய்பவர்களிடமே விற்பது. அதைப் பற்றிய என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தொழிலின் மதிப்பு தொழிலாளியின் கையில் இருக்கும் இடத்தில் இந்த வழி நன்றாகப் பொருந்தும், முதலாளியின் கடன் வாங்கும் திறனிலும் சந்தையில் அவருக்கிருக்கும் நாணயத்திலும் மதிப்பு இருக்கும் இடத்தில் பொருந்தாது.

பிள்ளைகளிடம் கொடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை உண்மையிலேயே வந்து உட்காரத் தயாராக இருந்தால் அதைவிட மலிவான வழி வேறு கிடையாது. நெருங்கிய உறவினருக்குத் தானமாகக் கொடுக்கும் பங்குக்கும் சொத்துக்கும் பெறுபவர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை; குடும்பத்துக்குள் எழுதும் தான செட்டில்மென்ட் பத்திரத்துக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வைக்கு உச்சவரம்பும் உண்டு. வெளியாருக்குக் கிரயம் எழுதினால் ஆகும் 9 சதவீதச் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வரவே போவதில்லை என்று தெரிந்த மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் பங்கை எழுதி வைத்துவிட்டு, “அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்” என்று விடுவதுதான் இருப்பதிலேயே மோசமான ஏற்பாடு. வங்கியில் கடன் லிமிட் புதுப்பிக்க மூன்று ஊர்களிலிருந்து மூன்று கையெழுத்து வாங்க வேண்டிய கம்பெனி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடிப்பது கடினம்.

வெளியாருக்கு விற்பதில் விலை நன்றாகக் கிடைக்கும், பணமும் பெரும்பாலும் ஒரே நேரத்தில் கைக்கு வரும். எழுபது வயதில் உடம்பு முடியாதவருக்கு இது சிறிய விஷயமல்ல. ஆனால் வாங்க வருபவர் எதை வாங்க வருகிறார் என்று பார்க்க வேண்டும். பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து தரும் ஜாப் ஒர்க் தொழிலில் அவருக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் அந்த ஆலைகளில் உங்களுக்கு இருக்கும் வெண்டர் கோடு, அதாவது சப்ளையர் பதிவு எண், அதன் மேல் வரும் ஆர்டர், முடிந்தால் நான்கைந்து நல்ல இயந்திரம். அவருக்கென்று ஏற்கெனவே ஒரு கூடமும் ஆட்களும் இருந்தால், உங்கள் கூடத்தை அங்கே இணைத்துவிட்டு இங்கே இருப்பவர்களில் பாதிப் பேரைக் கழித்துவிடுவது அவர் கணக்கில் நியாயமாகவே படும். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. விலை ஏன் கூடுதலாக வருகிறது என்பதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று.

வெளிப்படையாகப் பேசினால், தொழிலாளரிடம் விற்பதற்கு உண்மையான போட்டி வெளியார் விற்பனை அல்ல. தொழிலை மூடிவிட்டு இடத்தை விற்பதுதான். ஓசூரில் நிலத்தின் விலை ஏறிய வேகத்தில், முப்பது ஆண்டு உழைத்து உருவாக்கிய தொழிலைவிட அது நிற்கும் அரை ஏக்கர் அதிக விலை பெறும் கூடங்கள் பல. அப்படி இருக்கும்போது தொழிலை எதற்குக் காப்பாற்ற வேண்டும் என்று குடும்பத்தில் கேட்பார்கள், கேட்பதில் தவறில்லை. ஆனால் மூடுவதற்கும் செலவு உண்டு என்பதை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. பணிக்கொடை, ஆண்டொன்றுக்குப் பதினைந்து நாள் சம்பளம். மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்க வேண்டும். மாதம் 26,000 ரூபாய் வாங்கும், இருபது ஆண்டு வேலை பார்த்த ஒரு ஃபிட்டருக்கு இது மட்டும் 3 லட்சம். ஆட்குறைப்பு இழப்பீடு தனி. ஓடாத இயந்திரத்துக்குக் கிடைக்கும் விலையோ, ஓடுகிற இயந்திரத்தின் விலையில் ஒரு பகுதிதான். இன்னொன்று: இந்தப் பணிக்கொடைக் கடன் மூடினாலும் விற்றாலும் இருக்கவே செய்யும். தொழிலாளரே வாங்குவதாக இருந்தாலும், சேர்ந்திருக்கும் பணிக்கொடையைக் கணக்குப் போட்டு விலையிலிருந்து கழித்த பிறகுதான் பேச்சைத் தொடங்க வேண்டும். சிறிய கூடங்களின் பேலன்ஸ் ஷீட்டில் பெரும்பாலும் இந்தத் தொகை இருப்பதே இல்லை.

ஆகவே முதல் வேலை, நிலத்தையும் தொழிலையும் மனத்தில் பிரிப்பது. நிலம் உரிமையாளரின் சொந்தப் பெயரில் இருந்து, தொழில் மட்டும் கம்பெனியில் இருந்தால் அதிர்ஷ்டம். நிலத்தைக் குடும்பத்துக்கு வைத்துக்கொண்டு, தொழிலைத் தொழிலாளருக்கு விற்று, மாத வாடகை வாங்கிக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு நிலமும் தொழிலாளருக்குத் தொழிலும் என்ற இந்தப் பிரிவினை பல குடும்பச் சண்டைகளைத் தொடங்கும் முன்பே முடித்துவிடும். நிலம் கம்பெனிப் பெயரில் இருந்தால் அதை வெளியே எடுக்க முத்திரைத் தீர்வையும், விற்ற லாபத்தின் மேல் விழும் மூலதன ஆதாய வரியும் கட்ட நேரும். சிப்காட் மனை என்றால் அது 99 ஆண்டுக் குத்தகை. ஒதுக்கீட்டு ஆணையின் நிபந்தனைகளைப் படித்து, அனுமதி வாங்க வேண்டியதை வாங்காமல் ஓரடியும் வைக்கக் கூடாது. வாடகைக்கு விடும்போது வழக்கமான பதினொரு மாத ஒப்பந்தம் இங்கே உதவாது. ஏழெட்டு ஆண்டுத் தவணையில் தொழிலை வாங்குபவர்களைப் பதினொரு மாதத்தில் காலி செய்யச் சொல்லும் உரிமையோடு உட்கார வைப்பது ஏமாற்று வேலைக்குச் சமம். பத்தாண்டுக்குப் பதிவு செய்த குத்தகைப் பத்திரம் எழுத வேண்டும். இயந்திரத்துக்குக் கடன் தரும் வங்கியும் அதைத்தான் கேட்கும்.

தொழிலாளரிடம் விற்பது என்றால் எந்த வடிவத்தில்? வெளிநாடுகளில் இதற்கென்றே சட்டங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே தொழிலாளர் பங்குடைமைத் திட்டங்களுக்கு முறையான இடம் உண்டு. அங்கே ஓர் அறக்கட்டளை கடன் வாங்கி முதலாளியின் பங்கை வாங்கும், கம்பெனியின் லாபம் அந்தக் கடனை அடைக்கும். பிரிட்டன் 2014-இல் தொழிலாளர் அறக்கட்டளைக்கு விற்பவருக்கு மூலதன ஆதாய வரியில் சலுகை கொடுத்தது. இத்தாலி 1985-இல் கொண்டுவந்த சட்டம், மூடப்படும் ஆலையின் தொழிலாளர்கள் சேர்ந்து அதை வாங்க அரசு நிதி உதவி பெற வழி செய்தது. இந்தியாவில் இப்படிப் பிரத்தியேகமான வரிச் சலுகை ஏதும் இல்லை. இங்கே தனி அறக்கட்டளை அமைத்தால் அதன் வருமானத்துக்கு உச்சபட்ச விகிதத்தில் வரி விழும் வாய்ப்பே அதிகம். வெளிநாட்டு வெற்றிக் கதைகளைப் படித்துவிட்டு அதே ஏற்பாட்டை ஓசூரில் கேட்பவர்களுக்கு ஆடிட்டர் முதலில் சொல்ல வேண்டிய செய்தி இது.

கூட்டுறவுச் சங்கம் இன்னொரு வடிவம். இந்தியாவில் அதற்குப் பெருமையான முன்னுதாரணங்கள் உண்டு: காபி போர்டு தன் காபி ஹவுஸ்களை மூடியபோது 1957-58-இல் வேலை இழந்த தொழிலாளர்களே சங்கம் அமைத்து எடுத்து நடத்திய இந்தியன் காபி ஹவுஸ் இன்றும் நடக்கிறது. மும்பையில் நலிந்துபோன காமானி ட்யூப்ஸ் ஆலையை 1988-இல் தொழிலாளர் கூட்டுறவு ஏற்றது, அது நிலைக்கவில்லை. இரண்டிலும் கவனிக்க வேண்டியது, அவை நலிவிலும் கைவிடப்பட்ட நிலையிலும் பிறந்தவை. லாபத்தில் ஓடும் கூடத்தை முதலாளி திட்டமிட்டுக் கைமாற்றிய கதைகள் அல்ல. தருமபுரி மாவட்டத்திலேயே சித்தேரி மலையடிவாரத்துச் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்கள் தங்கள் பூவேலைத் தையலுக்குச் சங்கம் அமைத்துப் ‘போர்கை’ என்ற பெயரில் நடத்துகிறார்கள். அது முதல் நாளிலிருந்தே பொதுவாகத் தொடங்கியது. ஒருவர் கட்டிய தொழிலைப் பலர் வாங்கும்போது வரும் சிக்கல்கள் அங்கே எழுவதில்லை. தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983, பதிவாளருக்குத் தரும் அதிகாரத்தையும், ஆளுக்கு ஒரு வாக்கு என்ற விதியையும் ஏற்கும் சிறு முதலாளியை நான் இதுவரை பார்க்கவில்லை. கூட்டுறவு என்றதும் பாலக்கோடு சர்க்கரை ஆலையின் நிலுவைத் தொகைப் பேச்சுதான் அவர்களுக்கு நினைவு வருகிறது.

மீதமுள்ளவை எல்எல்பி என்னும் வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மையும் பிரைவேட் லிமிடெட் கம்பெனியும். எல்எல்பியில் லாபத்துக்கு அமைப்பே 30 சதவீத வரியும் அதன் மேல் செஸ்ஸும் கட்டிவிடும், பங்காளிக்கு வரும் லாபத்துக்கு மறுபடி வரி இல்லை. கணக்கு எளிது, செலவு குறைவு. ஆனால் அதில் பங்காளியாகச் சேர்ந்த நாளிலிருந்து தொழிலாளி சட்டப்படி தொழிலாளியாக இருக்க மாட்டார். பிஎஃப், இஎஸ்ஐ, பணிக்கொடை எல்லாம் ஊழியருக்கே உரியவை. கூடத்தை நடத்தும் நான்கு மேலாளர்கள் மட்டும் வாங்குவதாக இருந்தால் எல்எல்பி போதும். முப்பத்தாறு பேரும் சேர்ந்து வாங்குவதாக இருந்தால் கம்பெனிதான் சரி. கம்பெனியில் பங்கு வைத்திருப்பவர் அதே நேரத்தில் ஊழியராகவும் இருக்கலாம். பிரைவேட் கம்பெனிக்கு 200 உறுப்பினர் என்ற வரம்பு உண்டு. ஊழியர்களை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. பங்கு கைமாறினாலும் கம்பெனி அதே கம்பெனிதான்: ஜிஎஸ்டி எண், தொழிற்சாலை உரிமம், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவு, முக்கியமாக வெண்டர் கோடு, எதுவும் மாறாது. தனி உடைமையாக நடக்கும் தொழிலில் உரிமையாளர் மாறினால் இவை அனைத்தையும் புதிதாக வாங்க வேண்டும். பெரிய ஆலையின் கொள்முதல் பிரிவு புதிய கோடு தர மாதக்கணக்கில் இழுக்கும், அதுவரை பில் போட முடியாது.

நம் பக்கத்துக் கூடங்களில் பெரும்பாலானவை இன்னும் தனி உடைமையோ குடும்பக் கூட்டோதான் என்பதால், இங்கே ஒரு பொறி காத்திருக்கிறது. தனி உடைமையைக் கம்பெனியாக மாற்றும்போது மூலதன ஆதாய வரி இல்லாமல் மாற்றலாம். ஆனால் அதற்கு நிபந்தனை, பழைய உரிமையாளர் ஐந்து ஆண்டுகளுக்குக் குறைந்தது 50 சதவீத வாக்குரிமையைத் தன் கையில் வைத்திருக்க வேண்டும். முன்னதாகவே பாதிக்கு மேல் விற்றால், அன்று விட்டுக்கொடுத்த வரி திரும்பி வந்து நிற்கும். ஆகவே அறுபத்தெட்டு வயதில் நெஞ்சுவலி வந்த பிறகு தொடங்கும் ஏற்பாடல்ல இது. அறுபதில் கம்பெனியாக்கி, அறுபத்தைந்தில் கட்டுப்பாட்டைக் கைமாற்றும் திட்டம்.

இனி விலை. ஒரு கற்பனைக் கூடத்தை எடுத்துக்கொள்வோம்: 36 ஊழியர், நிலம் உரிமையாளர் பெயரில், மாத வாடகை ஒரு லட்சம், வாடகையும் வரியும் போக ஆண்டு லாபம் 60 லட்சம். வெளியார் 3 கோடி தருவதாகச் சொல்கிறார். தொழிலாளருக்கு நான்கு ஆண்டு லாபம் என்ற கணக்கில் 2.40 கோடி என்று வைப்போம். ஆறு சூப்பர்வைசர்கள் தலைக்கு 2 லட்சமும், மற்ற முப்பது பேர் தலைக்கு 40,000-மும் போட்டால் முன்பணம் 24 லட்சம், பத்தில் ஒரு பங்கு. மீதி 2.16 கோடி தொழிலின் லாபத்திலிருந்துதான் வர வேண்டும். வேறு எங்கிருந்தும் வராது, ஏனென்றால் சந்தையில் விற்க முடியாத சிறு கம்பெனிப் பங்கை அடமானமாக வைத்து எந்த வங்கியும் சுலபத்தில் கடன் கொடுப்பதில்லை. இயந்திரத்துக்கும் நடைமுறை மூலதனத்துக்கும் ஆண்டுக்கு 20 லட்சத்தை ஒதுக்கிவிட்டால் கையில் 40 லட்சம். வட்டியில்லாமல் ஐந்தரை ஆண்டு. 8 சதவீத வட்டி போட்டால் ஏழு ஆண்டு தாண்டும். நடுவில் வாகனத் தொழில் ஓராண்டு படுத்தால் இன்னும் ஓராண்டைச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

எல்லாப் பங்கையும் முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட்டுப் பணத்தைத் தவணையில் வாங்குவது பலருக்கு இயல்பாகத் தோன்றும். அதில் விற்பவர் மாட்டிக்கொள்வார். மூலதன ஆதாய வரி பங்கு கைமாறிய ஆண்டிலேயே முழுவதுமாக விழும். பணம் எப்போது வருகிறது என்பதை அது பார்ப்பதில்லை. நீண்டகால ஆதாயத்துக்கு 12.5 சதவீதம், இந்த அளவு தொகைக்கு மேல்வரியான சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்ந்து ஏறத்தாழ 15. பங்கின் அடக்கவிலை சொற்பம் என்றால் 36 லட்சம் வரி. கையில் வந்ததோ 24 லட்சம். எனவே ஆண்டுதோறும் வரும் பணத்துக்கு உரிய பங்கை மட்டும் ஆண்டுதோறும் எழுதிக் கொடுப்பதே விவேகம். 40 லட்சத்துக்கான ஆதாயத்தில், மற்ற வருமானமும் சேர்ந்து 50 லட்சத்தைத் தாண்டாதவரை, சர்சார்ஜ் இல்லாமல் 13 சதவீதம். வரி வருகிற பணத்துக்குள் அடங்கிவிடும்.

படிப்படியாக விற்பதில் இன்னொரு முடிச்சு உண்டு. பத்துச் சதவீதம் மட்டும் வைத்திருக்கும் தொழிலாளருக்கு, பங்குக்குத் தரும் லாபப் பங்கான டிவிடெண்டிலும் பத்துச் சதவீதம்தான் வரும். அதை வைத்து அடுத்த பங்கை வாங்க முடியாது. டிவிடெண்டுக்குப் பதிலாகப் போனஸாகக் கொடுத்தால் இரண்டு நன்மை. போனஸ் கம்பெனிக்குச் செலவு, வரிக்கு முன்பே கழியும். 40 லட்சம் டிவிடெண்ட் கொடுக்க, 25.17 சதவீத வரி கட்டும் கம்பெனி 53 லட்சத்துக்கு மேல் லாபம் ஈட்ட வேண்டும், 40 லட்சம் போனஸுக்கு 40 லட்சமே போதும். புதிய வரி முறையில் ஆண்டுக்கு 12 லட்சத்துக்குள் வருமானம் உள்ள ஊழியருக்கு அதன் மேல் வரியும் இல்லை. ஆனால் இந்தப் போனஸைப் பங்கு விகிதப்படி கொடுத்தால் அது வேறு பெயரில் வந்த டிவிடெண்டுதான் என்று வரித் துறை தள்ளிவிடும். சம்பளத்தையும் பணிக்காலத்தையும் வைத்துக் கணக்கிட வேண்டும். பணத்தை அவர்கள் வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு, பங்குக்கு உரிய தொகையை அவர்களே காசோலையாகத் தரட்டும்; சம்பளத்திலிருந்து நேராகப் பிடிப்பது வேண்டாத தகராறு. இதில் உரிமையாளர் எதை விட்டுக்கொடுக்கிறார் என்பதையும் மறைக்கக் கூடாது. இன்னும் விற்காத பங்குக்கு உரிய லாபம் அவருடையது. அதை அவர் எடுக்காமல் விடுவதால்தான் போனஸுக்குப் பணம் இருக்கிறது. 3 கோடிக்கும் 2.40 கோடிக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும் சலுகை. இது தெரியாத சலுகை, சில ஆண்டுகளில் முதல் சலுகையைவிடப் பெரியது.

தாராள மனத்தோடு இன்னும் குறைத்து விற்கலாமா என்றால், சட்டம் ஓர் எல்லை போடுகிறது. பட்டியலிடப்படாத பங்கை நியாய மதிப்புக்குக் கீழே விற்றால், விற்பவருக்கு அந்த நியாய மதிப்பையே விற்ற விலையாகக் கொண்டு வரி போடுவார்கள்; வாங்குபவருக்கும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட வித்தியாசம் வருமானமாகிவிடும். உறவினருக்குக் கிடைக்கும் விலக்கு இருபத்தைந்து ஆண்டு கூட உழைத்த ஃபோர்மேனுக்குக் கிடையாது. இந்த நியாய மதிப்பில் கம்பெனி வசம் உள்ள நிலம், முத்திரைத் தீர்வைக்குக் கொள்ளும் மதிப்பில் சேரும் என்பதால், நிலத்தை உள்ளே வைத்துக்கொண்டு தொழிலாளருக்கு விற்பது ஏறக்குறைய நடக்காத காரியம். மேலும், ஆண்டுதோறும் 20 லட்சத்தைக் கம்பெனிக்குள்ளேயே விடுவதால் அந்த மதிப்பும் ஏறிக்கொண்டே போகும். ஒப்பந்தத்தில் 2.40 கோடி என்று எண்ணை எழுதுவதைவிட, விலையை எப்படிக் கணக்கிடுவது என்ற முறையை எழுதுவதே பாதுகாப்பு.

பணத்தைவிடப் பல பேச்சுவார்த்தைகள் உடைவது ஜாமீனில்தான். நடைமுறை மூலதனத்துக்கு வங்கி தரும் சிசி லிமிட்டுக்கும் இயந்திரக் கடனுக்கும் முதலாளி தன் சொந்த ஜாமீனும் பெரும்பாலும் வீட்டுப் பத்திரமும் கொடுத்திருப்பார். பங்கு கைமாறியதும் அதிலிருந்து விடுபட அவர் விரும்புவார். வங்கியோ அவர் இடத்துக்கு இன்னொருவர் ஜாமீனைக் கேட்கும். ஓசூர்ப் பக்கம் ஒரு கூடத்தில் இந்தப் பேச்சு நடந்தபோது, முதல் நாளிலிருந்து அங்கேயே வேலை செய்யும் சூப்பர்வைசர் சொன்னது: “ஆர்டர நான் பாத்துக்கறேன் மொதலாளி, ரிஜெக்சன் வந்தா என் சம்பளத்துல கூடப் புடிங்க. வூட்டுப் பத்திரத்த மட்டும் கேக்காதீங்க. அது எம் பொண்டாட்டி நகய வித்துக் கட்னது.” அவர் மறுத்தது நியாயம். வேலையும் சேமிப்பும் ஏற்கெனவே ஒரே கம்பெனியில் இருக்கும் மனிதரிடம் வீட்டையும் அங்கேயே வை என்று கேட்கக் கூடாது. பணிக்கொடை, பிஎஃப் பணத்தைப் பங்கில் போடச் சொல்லவும் கூடாது. இதற்கு மாற்று, சிறு தொழில்களுக்கான கடன் உத்தரவாத நிதியின் கீழ் ஜாமீன் சொத்து இல்லாத கடனாக மெல்ல மெல்ல மாற்றுவது, அதுவரை பழைய முதலாளியின் ஜாமீன் குறைந்துகொண்டே வரும்படி எழுதிக்கொள்வது. மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஜாமீனில் இருக்கச் சம்மதிக்காத உரிமையாளர் வெளியாருக்கு விற்பதே மேல்.

எந்தத் தொழிலுக்கு இது பொருந்தும் என்பதில் என் கருத்துக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. சிஎன்சி கூடத்தில் ஒரு ஜாபுக்கு எந்த ஃபிக்சர், எந்த இயந்திரத்தின் ஸ்பிண்டிலில் ஆட்டம் இருக்கிறது, காலை ஷிஃப்டில் முதல் பத்துப் பீஸ் ஏன் அளவு தப்பும் என்பதெல்லாம் ஆட்களின் கையிலும் தலையிலும் இருக்கின்றன. வாடிக்கையாளரின் தரப் பிரிவிலிருந்து தொலைபேசி வந்தால் எடுப்பவரும் சூப்பர்வைசர்தான். முதலாளி ஒரு மாதம் ஊரில் இல்லாவிட்டாலும் டெஸ்பாட்ச் நிற்காத கூடம் ஏற்கெனவே பாதி அவர்களுடையது. மாங்கூழ் ஆலை அப்படியல்ல. தோதாபுரி மாம்பழ வரத்து இருக்கும் சில வாரங்களுக்குள் ஓராண்டுக்கான பழத்தை வாங்கி, அரைத்து, டிரம்மில் அடைத்து, ஏற்றுமதி ஆர்டர் வரும்வரை வைத்திருக்க வேண்டும். அதற்கான கோடிகளை வங்கியிலும் மண்டியிலும் புரட்டுவது முதலாளியின் பெயர். வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் சீசனுக்கு வரும் பெண்கள். 2025-இல் தோதாபுரி விலை சரிந்து, பழைய கூழே விற்காமல் கிடந்தபோது பட்ட அடியைத் தாங்கும் சக்தி 40,000 ரூபாய் போட்டவர்களுக்கு இருந்திருக்காது. கிரானைட்டில் குவாரிக் குத்தகை அரசின் இசைவில்லாமல் கைமாறாது என்பதால் அந்தப் பேச்சே வேறு. பாலிஷ் கூடம் மட்டும் தனியாக இருந்தால் யோசிக்கலாம்.

தொழிலாளர் என்றால் யார் என்பதும் தீர்க்க வேண்டிய கேள்வி. ஒடிசா, பீகார், ஜார்கண்டிலிருந்து வந்து ஒப்பந்தக்காரர் வழியாக வேலை செய்பவர்கள் இல்லாமல் இன்று ஓசூரில் இரவு ஷிஃப்ட் கிடையாது. அவர்கள் ஒப்பந்தக்காரரின் ஊழியர்கள், கம்பெனியின் ஊழியர்கள் அல்ல. இளம் ஆபரேட்டர்களோ மாதம் இரண்டாயிரம் கூடுதலாகக் கிடைத்தால் அடுத்த கூடத்துக்குப் போய்விடுகிறார்கள். மூன்று ஆண்டு நேரடிப் பணி முடித்தவருக்கே பங்கு என்று வைப்பது நியாயமாகப் படுகிறது. வெளியேறுபவரின் பங்கைத் திரும்ப வாங்கும் விதியை முதல் நாளே எழுத வேண்டும்: ஓய்வு பெறுபவருக்கும் இறந்தவர் குடும்பத்துக்கும் முழு மதிப்பு, இடையில் போகிறவருக்கு இரண்டு மூன்று தவணையில். அதற்கென ஆண்டுதோறும் ஒரு சிறு தொகையை ஒதுக்காத கம்பெனி, நான்கு மூத்தவர்கள் ஒரே ஆண்டில் ஓய்வு பெறும்போது திணறும். மகள் கல்யாணத்துக்குப் பங்கை விற்றுக்கொடுங்கள் என்று இரண்டாம் ஆண்டிலேயே ஒருவர் வந்து நிற்பார். அதற்குக் கடன் கொடுக்கலாமே தவிர விதியைத் தளர்த்தக் கூடாது.

முப்பத்தாறு பேரும் வாங்குவதா, ஆறு சூப்பர்வைசர்கள் மட்டுமா? ஆறு பேர் என்றால் முடிவு வேகமாக எடுக்கலாம், ஆனால் ஒவ்வொருவரும் சுமக்கும் தொகை தாங்க முடியாததாகிவிடும். நேற்றுவரை கூட வேலை பார்த்த “அண்ணன்” இன்று முதலாளியாகிவிட்டார் என்ற மனக்கசப்பும் கூடத்தில் எழும். எல்லோரும் என்றால் கசப்பு குறையும், கூட்டம் கூடும். நான் பரிந்துரைப்பது, ஆறு பேர் பெரும்பங்கும் மற்றவர்கள் சிறுபங்கும் வைத்து, இயக்குநர் குழுவில் மற்றவர்கள் தேர்ந்தெடுக்கும் ஒருவரையும் அமர்த்துவது. பங்கைவிட முன்னதாகக் கைமாற வேண்டியது கணக்கு. மாதாந்திர லாப நட்டக் கணக்கை ஆறு பேர் முன் வைத்துப் படிக்கவும், வாடிக்கையாளருக்குக் கொட்டேஷன் போடும்போது அவர்களை அருகில் உட்கார வைக்கவும் ஓராண்டாவது உரிமையாளர் பழகாவிட்டால், இவர்கள் எதை வாங்குகிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

மேலே சொன்ன கணக்கின்படி மூன்றாம் தவணை ஆண்டில் தொழிலாளர் பங்கு 60 சதவீதத்தைத் தொடும். பழைய முதலாளி அதற்குப் பிறகும் பயப்படத் தேவையில்லாதபடி சட்டத்திலேயே ஒரு பிடி இருக்கிறது: கம்பெனியின் அமைப்பு விதிகளைத் திருத்துவது போன்ற பெரிய முடிவுகளுக்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும், அதற்கு எதிர்ப்பைப் போல மூன்று மடங்கு ஆதரவு வாக்கு வேண்டும். கடைசித் தவணை வரும்வரை 26 சதவீதத்தை அவர் கையில் வைத்திருந்தால், அவர் சம்மதமில்லாமல் அந்தத் தீர்மானங்கள் நிறைவேறாது. சாதாரண முடிவுகளை அவர்கள் எடுக்கட்டும். காசோலையில் கையெழுத்திடும் அதிகாரத்தை மட்டும் முதல் ஆண்டில் இருவர் கையெழுத்தாகவும், இரண்டாம் ஆண்டில் குறிப்பிட்ட தொகைவரை சூப்பர்வைசர்கள் மட்டுமாகவும், மூன்றாம் ஆண்டில் முழுவதுமாகவும் மாற்றி, ஒவ்வொரு மாற்றத்தையும் வங்கிக்குத் தீர்மான நகலோடு தெரிவித்துவிட வேண்டும்.